கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கப் பூங்காக்களில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும். வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து, காரின் டிக்கியில் மேட்டையும் ஸ்டம்புகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நீங்கள். பூங்காவுக்குப் போய்ச் சேரும்போது புல் இன்னும் ஈரமாக இருக்கும். நாலு பேர் சேர்ந்து மேட்டை உருட்டி விரிப்பீர்கள். ஒருவர் சுருக்கம் நீக்க, இன்னொருவர் ஓரத்தில் ஆணி அடிப்பார். யார் வீட்டிலிருந்தோ இட்லித் தூக்கும் மிளகாய்ப்பொடியும் வந்திருக்கும். பத்து மணிக்கு டாஸ். நானும் பதினெட்டு வருடம் இப்படி ஆடியவன்தான். முழங்கால் போனபிறகு அம்பயர் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். இருப்பது பிலடெல்பியாவை ஒட்டிய ஒரு புறநகரில்.

உங்களிடம் ஒன்று பேச வேண்டும். மைதானத்தில் சொன்னால் ஆட்ட அவசரத்தில் காதில் ஏறாது என்று எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாத ஞாயிறு. எங்கள் மைதானத்துக்கும் பக்கத்துப் பேஸ்பால் திடலுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பிவேலி. அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு வயது இருக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான், வலது கையில் தோல் கையுறை. நம் பையன் ஒருவன் தூக்கி அடித்த சிக்ஸர் வேலியைத் தாண்டி அவன் பக்கம் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்தான். உடனே எறியவில்லை. கையுறையிலிருந்து இடது கைக்கு மாற்றி, உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தான். பேஸ்பாலின் எடை அதிகம் போனால் 149 கிராம். நம் பந்து 156 கிராமுக்குக் குறையக் கூடாது. அவன் பந்தில் தையல் குதிரை லாடம் மாதிரி வளைந்து வளைந்து போகும், நம் பந்தில் இடுப்பில் கட்டிய அரைஞாண் மாதிரி நேராகச் சுற்றி வரும். அந்த வித்தியாசத்தை அவன் விரல் தேடியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பிறகு ஒரு காலைப் பின்னால் வைத்து எறிந்தான். நூல் பிடித்தாற்போல் வந்தது. கீப்பர் கையை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டம்புக்கு ஒரு சாண் மேலே கையுறைக்குள் வந்து அடங்கியது. நம் பையன்கள் விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவன் அங்கேயே நின்றான். தண்ணீர் இடைவேளையில் நான் வேலியோரம் போனபோது கேட்டான்: "நான் ஒரு பந்து ஆடிப் பார்க்கலாமா?"

மேட்ச் முடியட்டும், கண்டிப்பாக ஆடலாம் என்றேன்.

மேட்ச் முடிந்தது. முடிந்ததும் ஒரு நோ-பால் பற்றித் தகராறு. புள்ளிப் பட்டியலில் இரண்டு புள்ளிக்காக இருபத்திரண்டு பேரும் நடுவில் கூடி நின்று அரை மணி நேரம் கத்தினோம். நான் நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்றைக்கு இரண்டு அணியுமாக 240 பந்துகள் வீசினோம். அவன் கேட்டது ஒன்று.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நான் குடியிருக்கும் ஊரின் கதை தெரிந்தால் உங்களுக்கும் நெஞ்சு கொஞ்சம் கனக்கும்.

கிரிக்கெட் அமெரிக்காவுக்கு நம்மோடு விமானத்தில் வந்து இறங்கியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உலகத்தில் இரண்டு நாடுகள் மோதிய முதல் கிரிக்கெட் ஆட்டம் நியூயார்க்கில், மன்ஹாட்டனில் நடந்தது. 1844 செப்டம்பர். அமெரிக்காவும் கனடாவும் ஆடின, கனடா 23 ரன்னில் வென்றது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முதல் டெஸ்ட் ஆடியது 1877இல்தான். இங்கிலாந்து அணி முதன்முதலாகக் கடல் தாண்டிப் பயணம் போனதும் இந்தக் கண்டத்துக்குத்தான், 1859இல். ஹோபோக்கனிலும் பிலடெல்பியாவிலும் ஆடினார்கள். நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் அடுத்தமுறை ஹோபோக்கன் ஆற்றோரம் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1844 ஆட்டத்தை நடத்திய செயின்ட் ஜார்ஜ் சங்கம் யாருடையது? பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களுடையது. ஊர் ஞாபகம் வந்தால் கூடி ஆடினார்கள். தங்கள் உச்சரிப்பில் பேசி, தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மாலையில் பிரிந்து போனார்கள். நம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது அதிகம் வேறுபட்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்தச் சங்கத்தில் சம்பளத்துக்கு ஆடிய சாமுவேல் ரைட் என்பவரின் மகன் ஹாரி, அதே சங்கத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். பக்கத்துத் திடலில் நடந்த பேஸ்பால் அவரைப் பிடித்துக்கொண்டது. 1869இல் சின்சினாட்டியில் முதல் முழுநேரத் தொழில்முறைப் பேஸ்பால் அணியைக் கட்டியவர் அவர்தான். பேஸ்பால் ஆட்டத்தின் கணக்கை இன்றும் செய்தித்தாளில் கட்டம் கட்டிப் போடுகிறார்களே, அந்த முறையைக் கொண்டுவந்த ஹென்றி சாட்விக்கும் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் வீட்டுப் பிள்ளைகளை வைத்துத்தான் பேஸ்பால் வீடு எழும்பியது.

பிலடெல்பியாவில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. ஜெர்மன்டவுன் பகுதி ஆலைகளில் வேலை பார்த்த இங்கிலாந்துத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் ஆடினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு உள்ளே இறங்கி ஆடினார்கள். யாரும் விரட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சங்கங்கள் கண்டார்கள். பிலடெல்பியா கிரிக்கெட் கிளப்பும் ஜெர்மன்டவுன் கிரிக்கெட் கிளப்பும் 1854இல், மெரியன் 1865இல். இங்கேயே பிறந்த அமெரிக்கர்கள் ஆடியதால் இங்கே வேர் பிடித்தது. 1893இல் ஆஸ்திரேலிய அணி இந்த ஊருக்கு வந்து ஆடி, இன்னிங்ஸ் மற்றும் 68 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நம்பச் சற்றுக் கஷ்டம்தான். ஸ்கோர் கார்டில் இருக்கிறது.

இந்த ஊர் உண்டாக்கிய ஆள் ஒருவர் இருக்கிறார். ஜான் பார்ட்டன் கிங், சுருக்கமாக பார்ட் கிங். பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த அணியில், துணி வியாபாரம் செய்தவரின் மகன். முதலில் ஆடியது பேஸ்பால். பதின்ம வயதில் கிரிக்கெட்டுக்கு வந்தார். வரும்போது பேஸ்பால் கையையும் கூடவே கொண்டுவந்தார். ஓடிவந்து, கடைசி அடிகளில் இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்துத் தூக்குவார், பேஸ்பாலில் பந்தெறிகிறவர்கள் செய்வது போல. பந்து கடைசி நேரத்தில் காற்றிலேயே திரும்பி உள்ளே வரும். பேஸ்பால்காரர்கள் காற்றில் பந்தை வளைக்கும் வித்தையைக் கிரிக்கெட் பந்துக்கு ஏற்ப மாற்றியிருந்தார். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது பழக்கமில்லாத வித்தை. 1897இல் ஹோவ் மைதானத்தில் சசெக்ஸ் அணி 46 ரன்னுக்குச் சுருண்டது, கிங் 13 ரன் கொடுத்து 7 விக்கெட். அதில் ஒன்று ரஞ்சித்சிங்ஜி, முதல் பந்திலேயே. 1908 பயணத்தில் 87 விக்கெட், சராசரி 11.01, அந்த ஆண்டு இங்கிலாந்து முழுமைக்கும் முதலிடம். அதைவிடக் குறைந்த சராசரியில் ஒருவர் முதலிடம் பிடிக்க 1958 வரை ஆயிற்று.

வேலியோரம் நின்ற பையன் ஏன் என்னை இத்தனை நாள் தூங்கவிடவில்லை என்று இப்போது புரிகிறதா? பேஸ்பால் கையோடு கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்ற ஒருவனை இந்த ஊர் ஒருமுறை உள்ளே அழைத்தது, கிங் கிடைத்தார்.

பிறகு என்ன ஆயிற்று? புத்தகங்களைப் புரட்டினால் பல காரணம் வரும். உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு எந்தக் கட்டாந்தரையிலும் ஆடக்கூடிய ஆட்டம் தேவைப்பட்டது, உருளை போட்டுச் சீராக்கிய தரைக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பேஸ்பால் ஒரு பொழுதில் முடிந்தது, கிரிக்கெட் மூன்று நாள் இழுத்தது. 1909இல் லண்டனில் தொடங்கிய சர்வதேச அமைப்பின் பெயரே இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு வெளியே இருந்த நாட்டுக்கு அதில் இடமில்லை. கிங் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே கதவை அடைத்துவிட்டார்கள்.

எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஊர்த் தெருக்களில் இருபது வருடம் நடந்தவன் என்ற முறையில், என் கணக்கில் பெரிய காரணம் வேறு. சங்கங்கள் பெரிய பெரிய புல்வெளிகளை வாங்கின, அழகான மாளிகைகள் கட்டின, சுற்றிலும் சுவரும் செடியும் எழுப்பின. உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டும் ஆட்டம் என்றானது. அந்தப் பிள்ளைகளுக்கு டென்னிஸும் கோல்ஃபும் பிடித்துப்போனபோது, கிரிக்கெட்டை எடுத்து ஆட வெளியே வேறு யாரும் இல்லை. தெருவில் இருந்த பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே வந்திருக்கவில்லை. 1921 முதல் 1923 வரை அமெரிக்க ஆண்கள் டென்னிஸ் சாம்பியன் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? ஜெர்மன்டவுன் கிரிக்கெட் கிளப்பில். அமெரிக்க ஓபன் கோல்ஃப் 1907இலும் 1910இலும் பிலடெல்பியா கிரிக்கெட் கிளப்பில். பெயரில் கிரிக்கெட் இருந்தது, புல்வெளியில் வேறு பந்து உருண்டது. மெரியன் கிளப் வாசல் பலகையைக் கடந்துதான் என் மகளைப் பல வருடம் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்லைப் படிப்பேன். பூட்டிய வீட்டு வாசலில் இறந்துபோனவரின் பெயர்ப் பலகையைப் பார்ப்பது போல இருக்கும்.

பக்கத்திலேயே ஹேவர்ஃபோர்டு கல்லூரி. அங்கே மட்டும் அது அணையாமல் இருந்தது. இன்றும் கல்லூரியின் அணியாகவே கிரிக்கெட் ஆடுகிறார்கள். வளாகத்தில் ஒரு கிரிக்கெட் நூலகமும் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

பார்ட் கிங் 92 வயதை எட்ட இரண்டு நாள் இருக்கும்போது, 1965 அக்டோபரில் இறந்தார். அதே 1965இல்தான் அந்தச் சர்வதேச அமைப்பு தன் பெயரிலிருந்த சாம்ராஜ்யத்தை எடுத்துவிட்டு அமெரிக்காவைச் சேர்த்துக்கொண்டது, கூடவே இலங்கையையும் ஃபிஜியையும். கிங் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு அதிபர் லிண்டன் ஜான்சன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆசியாவிலிருந்து வருகிறவர்களை ஒதுக்கிவைத்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த சட்டம். நீங்களும் நானும் இங்கே வந்து மேட் விரிப்பதற்கு வழி திறந்தது அதுதான். பழைய ஆட்டத்தின் கடைசிப் பெரிய ஆள் போன அதே மாதத்தில், புது ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. இதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் கையில் ஒன்று ஒப்படைக்கப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நாம் வருவதற்கு முன்பு கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பிராங்ஸிலும் புரூக்ளினிலும் இந்த ஆட்டத்தைச் சுமந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம்மில் சிலர் அவர்களோடு ஆடுவதைவிட நமக்குள்ளேயே ஆடிக்கொள்வதை விரும்புகிறோம். அதுவும் ஒரு வேலிதான்.

இப்போது என்ன நிலைமை? வெளியே பார்த்தால் பொற்காலம். 2023இல் மேஜர் லீக் கிரிக்கெட் வந்தது. டல்லஸ் பக்கத்தில் கிராண்ட் பிரெய்ரியில் ஒரு பேஸ்பால் அரங்கத்தையே கிரிக்கெட் அரங்கமாக மாற்றினார்கள். மஞ்சள் சட்டை போட்ட டெக்சஸ் சூப்பர் கிங்ஸைப் பார்த்து நாம் சேப்பாக்கத்தில் இருப்பதுபோல் கத்தினோம். 2024 ஜூன் 6ஆம் தேதி அதே மைதானத்தில், ஆண்கள் டி20 உலகக் கோப்பையில், அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் வீழ்த்தியது. அந்தக் கடைசி ஓவரை வீசிய சௌரப் நேத்ரவல்கர் ஆரக்கிள் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர், நம்மைப் போலவே திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர். அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகளில் பாதி அழுகையோடு வந்தவை. நானும் அழுதேன்.

ஆனால் அந்த அணியில் எத்தனை பேர் அமெரிக்க மண்ணில் முதல் பந்தைப் பிடித்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மும்பையில் கற்றவர், குஜராத்தில் கற்றவர், பார்படோஸில் வளர்ந்தவர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், நியூசிலாந்துக்கே ஆடிவிட்டு வந்தவர். ஃபுளோரிடாவில் பிறந்த ஸ்டீவன் டெய்லர் போன்றவர்கள் மிகச் சிலர். 2023 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. அமெரிக்க அணியில் இருந்த அத்தனை பெண்களும் இந்திய வம்சாவளி. அவர்கள் இங்கே வளர்ந்த பிள்ளைகள், அந்தப் பட்டியலைப் பார்த்தபோது பெருமையில் உடம்பு சிலிர்த்தது. மறுபடி படித்தபோது கவலை வந்தது. 33 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில், நம் வீடுகளுக்கு வெளியே ஒரு பெண் குழந்தையின் கையிலும் நாம் பந்தைக் கொடுக்கவில்லை.

நியூயார்க் பக்கம் நாஸா கவுன்டியில் அந்த 2024 ஆண்கள் உலகக் கோப்பைக்காக 34,000 பேர் அமரும் அரங்கத்தைச் சில மாதங்களில் எழுப்பினார்கள். ஆடுகளத்தை ஃபுளோரிடாவில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து பதித்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடின. போட்டிகள் முடிந்ததும் அரங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. நம் மேட்டைச் சுருட்டும்போதும் அந்த ஞாபகம் வருகிறது. மாலை நான்கு மணிக்கு நாம் கிளம்பினால், அங்கே கிரிக்கெட் நடந்ததற்கு ஆணி அடித்த துளைகளைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

நிர்வாகம் பற்றி அதிகம் பேச மாட்டேன். அமெரிக்காவின் பழைய கிரிக்கெட் சங்கத்தை 2017இல் சர்வதேச அமைப்பான ஐசிசி வெளியேற்றியது, அடுத்து வந்த சங்கத்தை 2025 செப்டம்பரில் இடைநீக்கம் செய்தது. நாற்காலிச் சண்டை அவர்களோடு போகட்டும். நான் பேச வந்தது உங்களோடு, ஏனென்றால் வேலியின் தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

எங்கள் மாநிலத்தின் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியாவிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் தன் உறவுக்காரச் சிறுவர்களையும் வைத்து 1939இல் ஒரு பேஸ்பால் லீக் தொடங்கினார். பெரியவர்கள் மைதானத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 90 அடி. சின்னக் கால்கள் ஓடிச் சேர்வதற்குள் பந்து வந்துவிடுகிறது என்று பார்த்தார். பிள்ளைகளை ஓடவிட்டு, தூரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் 60 அடியில் நிறுத்தினார். பிறகு சட்டைக்கும் பந்துக்கும் காசு கேட்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். ஒரு பால் பண்ணை, ஒரு மரக்கடை, ஒரு பிரெட்சல் தின்பண்டக்காரர் கொடுத்த பணத்தில் மூன்றே அணிகள். அதுதான் லிட்டில் லீக். இன்று உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் அந்தச் சின்ன ஊருக்கு ஆட வருகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அங்கேயும் வெகுகாலம் இடமில்லை. ஹோபோக்கனில் ஒரு சிறுமிக்காகத் தொடங்கிய வழக்குக்குப் பிறகு 1974இல்தான் விதி மாறியது.

ஒரே மாநிலம். ஓரிடத்தில் மாளிகைகளும் புல்வெளிகளும் இருந்தும் ஆட்டம் செத்தது. இன்னோரிடத்தில் ஒருவர் அளவுகோலைக் கையில் எடுத்து ஆட்டத்தைப் பிள்ளைகளின் காலுக்கு ஏற்ப வெட்டித் தைத்தார், அது நாடு முழுக்கப் பரவியது. நாம் செய்வது என்ன? 22 கஜ மேட், லெதர் பந்து, ஹெல்மெட், பேடு, லீக் விதிப் புத்தகம். நம் பிள்ளைகளையே அகாடமியில் கட்டணம் கட்டிச் சேர்த்தால்தான் உள்ளே விடுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கிருந்து வரும்? நாம் மட்டும் எப்படிக் கற்றோம்? சுவரில் கரியால் மூன்று கோடு, டென்னிஸ் பந்து, ஒன் பிட்ச் கேட்ச் அவுட். தென்னை மட்டையைச் செதுக்கிப் பேட் செய்தவர்கள் இன்றும் நம் லீக்கில் கேப்டன்களாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் அளவுக்கு ஆட்டத்தை வெட்டுவதை ஸ்டாட்ஸ் நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நம் தெருவுக்கே தெரிந்த வித்தை அது.

நமக்கு இந்த ஆட்டம் கிடைத்த கதையும் ஒரு வேலியில்தான் தொடங்குகிறது. சென்னையில் 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுடையது, இந்தியர்களுக்கு அங்கே உறுப்பினர் இடம் கிடையாது. ஆட வரும் இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வசதியான வீட்டுப் பிள்ளை, தன் காசைப் போட்டு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து இளைஞர்களை வரவழைத்தார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் சமமாக எதிரெதிர் நின்று ஆட ஏற்பாடு செய்தார். அது நடப்பதற்குள் 1908இல் இறந்துபோனார். பின்னாளில் பொங்கல் ஆட்டமாக சேப்பாக்கத்தில் அது திருவிழாவே ஆனது. அவர் போட்ட பாதையில் நடந்து வந்த நாம், வேறொரு நாட்டில், கம்பிக்கு வெளியே நின்று கேட்டவனைப் பிறகு வா என்று சொல்லிவிட்டோம். நான் சொன்னேன். அதனால்தான் இந்த மடலை நான் எழுதுகிறேன்.

இதில் நம் சுயநலமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சில வருடம் முன்பு எங்களுக்கிருந்த ஒரு மைதானம் கை நழுவியது. பூங்காவை யாருக்கு ஒதுக்குவது என்று ஊர்க் கூட்டம். கால்பந்துக்காரர்கள் பக்கம் அம்மாக்கள் வரிசையாக எழுந்து, என் மகன் ஆடுகிறான், என் மகள் ஆடுகிறாள் என்றார்கள். எங்கள் பக்கம் எழுந்தவர்கள் எல்லோரும் நாற்பது வயது ஆண்கள். நாங்கள் ஆட வேண்டும் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒரு பத்துப் பேர் எங்களோடு ஆடியிருந்தால், அந்தப் பத்து அம்மாக்கள் எங்களுக்காகப் பேசியிருப்பார்கள்.

இப்போது எங்கள் மைதானத்தில் ஒன்று செய்து பார்க்கிறோம். மாதத்தின் கடைசி ஞாயிறு, மேட்ச் தொடங்குவதற்கு முன்பு, வேலிக்கு இந்தப் பக்கத்திலேயே பதினாறு கஜத்தில் ஒரு ஆடுகளம். டென்னிஸ் பந்து, லேசான மட்டை, ஆளுக்கு ஆறு பந்து, காசு கிடையாது, பேரைப் பதிய வேண்டாம். யாரிடமும் ஆஃப் சைடு, லெக் பை, எல்பிடபிள்யூ எல்லாம் விளக்குவதில்லை. பந்து தரையில் குத்தி வரும், ஸ்டம்பைக் காப்பாற்று, அடித்தால் ஓடு. பேஸ்பால் பிள்ளைகளுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிகிறது. எந்தப் பக்கம் அடித்தாலும் செல்லும் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் ஆட்டத்தில் பந்து பின்னால் போனால் ஃபவுல், ஓட முடியாது.

சென்ற மாதம் சாஃப்ட்பால் ஆடும் பெண் ஒருத்தி வந்தாள், பன்னிரண்டு வயது. அவள் பழக்கம் கையைக் கீழே சுழற்றி எறிவது. கையை மடக்காமல் தலைக்கு மேல் கொண்டுவர வேண்டும் என்று நம் தங்கை ஒருத்தி பக்கத்தில் நின்று காட்டினாள். முதல் பந்து வானத்துக்குப் போனது. இரண்டாவது அவள் காலடியிலேயே விழுந்தது. மூன்றாவது பக்கத்து மேசையில் இருந்த சாம்பார்த் தூக்கைத் தட்டிவிட்டது. எல்லோரும் கையைத் தட்டினார்கள், அவள் அம்மாவும் சேர்ந்து. ஐந்தாவது பந்து நேராகப் போய், குத்தி எழுந்து, நடு ஸ்டம்பின் உச்சியைத் தொட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்து, இது அவுட்தானே என்று கேட்டாள். பதினெட்டு வருடம் ஆடி, ஏழு வருடம் அம்பயராக நின்றும், ஒரு விரலைத் தூக்க அவ்வளவு ஆசையாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. போல்டுக்கு விரலைத் தூக்க வேண்டியதில்லை. ஆனாலும் தூக்கினேன்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட் வருகிறது. 1900இல் பாரிஸில் ஒரே ஒரு ஆட்டம் நடந்ததோடு சரி, அதற்குப் பிறகு இப்போதுதான். போமோனாவில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி. அந்தச் சில வாரங்கள் அமெரிக்க வீடுகளில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் இதைப் பார்ப்பார்கள், மறுநாள் பூங்காவில் நம்மைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். வேலியோரம் வந்து நிற்பார்கள். அதற்குள் உங்கள் டிக்கியில் ஒரு சின்ன மட்டையும் நாலு டென்னிஸ் பந்தும் கூடுதலாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அணிக்கு ஒருவர் முறைவைத்து அரை மணி நேரம் வேலியோரம் நின்றால் போதும். தங்கைகள் நின்றால் இன்னும் நல்லது, பெண் பிள்ளைகள் கூச்சப்படாமல் வருவார்கள். சாப்பாட்டு மேசையில் இரண்டு இட்லி அதிகம் இருக்கட்டும்.

அந்தப் பையன் இன்னும் வரவில்லை. இப்போது பதினாலு வயது ஆகியிருக்கும், வேறு ஊருக்குக் குடும்பத்தோடு போயிருக்கலாம். இடது கைக்காரன், தொப்பியைத் திருப்பிப் போடும் பழக்கம், பந்தைக் கையில் எடுத்ததும் முதலில் தையலைத் தடவிப் பார்ப்பான். உங்கள் பூங்கா வேலியோரம் வந்து நின்றால், மேட்ச் முடியட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பிலடெல்பியா